உறங்கும் பகை

கொதிக்கும் நீரில் போட்டாலும் சாகாத உயிர் உண்டென்றால் நம்புவீர்களா, தோழர்களே? புராணப் புளுகல்ல; ஆய்வுக்கூடம் காட்டிய உண்மை! பாசில்லஸ் சப்டிலிஸ் எனும் பாக்டீரியாவின் ஸ்போர், வெந்நீரையும் வெல்லும் என்று 1876-ம் ஆண்டிலே அறிவித்தார் பெர்டினாண்டு கோன். உணவு அற்றுப்போனால் அந்தப் பாக்டீரியா தடித்த ஓட்டைப் போர்த்திக்கொண்டு, உள்ளே நீரைக் குறைத்துக்கொண்டு, உறங்கிவிடுகிறது. அந்த உறக்க வடிவமே ஸ்போர்.

"இதிலே உழைப்பவனுக்கு என்ன?" என்று கேட்கிறீர்களா? 19-ம் நூற்றாண்டிலே இங்கிலாந்தின் பிராட்போர்டு நகர ஆலைகளில் கம்பளி பிரித்த தொழிலாளர்களைக் கேட்க வேண்டும் அந்தக் கேள்வியை! ஆட்டு மயிரோடு வந்த ஆந்த்ராக்ஸ் ஸ்போர் மூச்சிலே புகுந்தது, உள்ளே விழித்தது, உயிரைக் குடித்தது. 'கம்பளி பிரிப்போர் நோய்' என்றே அதற்குப் பெயர். கம்பளி அணிந்தவன் பெயரால் அல்ல, பிரித்தவன் பெயரால் வந்தது நோய்!

1942-ல் ஸ்காட்லாந்தின் குருய்னார்டு தீவிலே ஆந்த்ராக்ஸ் குண்டைச் சோதித்தது பிரிட்டிஷ் அரசு. அந்த மண் தூய்மையானது என்று அறிவிக்க 1990 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அத்தனை நீண்ட உறக்கம்!

உறங்கும் பகையை எழுப்புவது எது? விடை தேடும் முறை எளிது, கூர்மையானது. ஐயத்துக்குரிய மரபணுவை நீக்கு; பிறகு எழுகிறதா பார்! நீக்கிய வகையையும் நீக்காத வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள். 70 டிகிரி சூட்டில் அரைமணி நேரம் வைத்து, குளிரவிட்டு, அலனைன் எனும் உணவுப்பொருளைச் சேர்க்கிறார்கள். விழித்த ஸ்போர் தன்னுள்ளிருக்கும் டைபிகோலினிக் அமிலத்தை வெளியேற்றி நீரை உறிஞ்சும். கலங்கிய கரைசல் தெளியும். ஒளிமானி அதை அளந்து சொல்லும்.

ஜெர்-ஏ எனும் மரபணுத் தொகுதியை நீக்கினால், அலனைன் கொடுத்தும் கரைசல் தெளிவதில்லை. செத்துவிட்டதா? அவசரத் தீர்ப்பு வேண்டாம்! அஸ்பராஜின், குளுக்கோஸ், பிரக்டோஸ், பொட்டாசியம் நான்கையும் சேர்த்துக் கொடுத்தால் அதே ஸ்போர் எழுகிறது. ஜெர்-பி, ஜெர்-கே இரண்டும் இணைந்து திறக்கும் வேறு வழி அது. எல்லாப் பூட்டையும் நீக்கினால்? உணவுக்கு அசையாது, ஆனால் டோடெசிலமீன் எனும் வேதிப்பொருள் அதையும் எழுப்பிவிடும். அசையாதது எல்லாம் பிணம் அல்ல!

நீக்கிய மரபணுவைத் திரும்பச் சேர்க்கும்போது பழைய குணம் திரும்பினால்தான் வழக்கு முடிந்தது. குற்றஞ்சாட்டுமுன் சான்றைச் சரிபார்க்கும் நேர்மை அது. 2017-ல் இந்தப் பாக்டீரியாவுக்கு இன்றியமையாதவை நீங்கலாக, ஏறத்தாழ 4000 மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிய வகைகளின் தொகுப்பே உருவாகிவிட்டது. 2023-ல், உணவைக் கண்டதும் அயனிகளுக்கு வழிதிறக்கும் வாயில்களே அந்தப் பூட்டுகள் என்று மெய்ப்பித்தார்கள்.

பயன் என்ன? உறங்குகிற ஸ்போரைக் கொல்ல கடுஞ்சூடும் கடும் நஞ்சும் வேண்டும். விழித்ததையோ மிதமான சூடே முடித்துவிடும். எனவே எழுப்பு, பிறகு அழி! தகரத்தில் அடைத்த உணவுக்கும், தொழிலாளியின் மூச்சுக்கும் அது காவலாகக் கூடும். ஆனால் எழுப்பினாலும் எழாத சில ஸ்போர்கள் எப்போதும் எஞ்சுகின்றன. அவை ஏன் எழவில்லை என்று அறியும் வரை ஆய்வாளன் உறங்கக்கூடாது, பகைதான் உறங்குகிறதே!