பின்னால் வரும் வண்டிக்கு யார் பொறுப்பு?

கேரளத்தின் கழக்கூட்டத்திலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலை 66-இன் புறவழிச்சாலை, விழிஞ்ஞத்தை ஒட்டிய முக்கோலையைத் தாண்டியதும் சுமார் 16 கிலோமீட்டர் தூரம் கான்கிரீட்டாக ஓடி, காரோட்டில் வந்து முடிகிறது. அந்தப் பக்கம் தமிழ்நாடு. அங்கே இதே சாலையின் நான்குவழிப் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் அகலமான பாதையில் வேகமாக வரும் கனரக வண்டிகள் எல்லையில் இறங்கி, களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் என்று கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் ஒட்டி நிற்கும் பழைய சாலைக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. கேரளப் பக்கம் பழைய சாலையும் அப்படித்தான். நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என்று வளைந்து, ஏறி இறங்கிப் போகும் அந்தப் பாதையில் பல வீடுகளின் வாசற்படியிலிருந்து நாலு எட்டு வைத்தால் தார்ரோடு.

கனரக வண்டி இந்த ஊர்களுக்குப் புதிதல்ல. விழிஞ்ஞம் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய அலைத்தடுப்புச் சுவருக்குக் குமரி மாவட்டத்து மலைகளிலிருந்து பாறை ஏற்றிய டாரஸ் லாரிகள் இரவும் பகலும் இந்த வழியாகத்தான் போயின. அதிக பாரம், உடைந்த சாலை, விபத்து என்று எல்லையின் இரு பக்கமும் மக்கள் மறித்துப் போராடினார்கள். குமரி மாவட்ட நிர்வாகம் நேரக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பாறை போன பாதையில் இனிக் கண்டெய்னர் பெட்டி வரப்போகிறது. 2024 ஜூலையில் விழிஞ்ஞத்துக்கு முதல் தாய்க்கப்பல் வந்தது. 2025 மே 2 அன்று பிரதமர் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அடுத்த மாதமே, இருபதடிப் பெட்டிகள் 24 ஆயிரத்துக்கு மேல் ஏற்றக்கூடிய, ஏறக்குறைய 400 மீட்டர் நீளமுள்ள எம்.எஸ்.சி. இரினா என்ற கப்பல் அங்கே வந்து நின்றது. தொடக்கத்திலிருந்து விழிஞ்ஞம் ஒரு கப்பலிலிருந்து இறக்கி இன்னொரு கப்பலில் ஏற்றும் துறைமுகமாகவே இயங்கிவந்தது. அதனால் அந்தப் பெட்டிகளின் கனத்தைச் சாலை அதிகம் உணரவில்லை. இணைப்புச் சாலையும் ரயில் பாதையும் வரும்போது நிலைமை மாறும். பெட்டி டிரெய்லரில் ஏறும். டிரெய்லர் ஊருக்குள் வரும்.

அதற்கு முன்னால் தீர்த்துவைக்க வேண்டிய ஒரு விஷயத்தைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. அந்த டிரெய்லர் யாருடைய கவனிப்பில் இருக்கும்?

டிரெய்லர் லாரி என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் அது இரண்டு வண்டி. இன்ஜினும் டிரைவர் கேபினும் கொண்ட முன்வண்டி ஒன்று. பெட்டியைத் தாங்கி, அச்சும் சக்கரமும் மட்டும் கொண்டு பின்னால் வரும் டிரெய்லர் இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டப்படி இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு எண், தனித்தனித் தகுதிச் சான்று. முன்வண்டி பெரும்பாலும் ஒரே டிரைவரின் கையில் இருக்கும். அதில் அவர் தூங்குகிறார், சாமி படம் வைக்கிறார், சின்னச் சத்தம் மாறினாலும் காது கண்டுபிடித்துவிடும். டிரெய்லரின் கதை வேறு. யார்டில் பத்து டிரெய்லர் நிற்கும். எதில் பெட்டி ஏறியிருக்கிறதோ அதைக் கோத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். போன இடத்தில் கழற்றி விட்டுவிட்டு, அங்கே காலியாக நிற்கும் வேறொன்றை இழுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர். வாடகை சைக்கிள் கடையில் பிரேக் கட்டை தேய்ந்த சைக்கிளை எடுத்தவன் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு அப்படியே கொண்டுவந்து சாத்துவான். அடுத்தவன் அதையே எடுப்பான். டிரெய்லருக்கும் அதுதான் நடக்கிறது. வித்தியாசம், இங்கே வண்டியும் சரக்குமாகச் சேர்த்து 55 டன் வரை அனுமதி. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியபோது வந்த கணக்கு அது.

பிரேக்கை மட்டும் எடுத்துப் பார்ப்போம். முன்வண்டியிலிருந்து டிரெய்லருக்கு இரண்டு காற்றுக் குழாய் போகிறது. ஒன்று டிரெய்லரின் டேங்க்குக்குக் காற்று நிரப்புவது, மற்றது பெடலை மிதிக்கும்போது பிரேக் பிடிக்கச் சொல்வது. முதல் குழாய் அறுந்தால் டிரெய்லர் தானாகவே பிரேக் பிடித்து நின்றுவிடும்; அது நல்ல ஏற்பாடு. ஆபத்து அறுந்த குழாயில் இல்லை, மெல்லக் கசியும் குழாயிலும், தேய்ந்த லைனிங்கிலும், பிரேக்கின் இடைவெளியைச் சரிப்படுத்தும் ஸ்லாக் அட்ஜஸ்டரைக் கவனிக்காமல் விடுவதிலும் இருக்கிறது. அப்போது டிரெய்லர் பிரேக் பிடிப்பது போலவே இருக்கும், முழுதாகப் பிடிக்காது. பாரம் மொத்தத்தையும் முன்வண்டியின் பிரேக் தாங்கும். இறக்கத்தில், மழையில், ஒரு வளைவில் அவசரமாக மிதித்தால் பின்னால் இருக்கும் முப்பது டன் முன்வண்டியை நெட்டித் தள்ளும். வண்டி நடுவில் மடியும். எதிரே பைக்கில் வருபவருக்கு ஒதுங்க இடமிருக்காது. உதியன்குளங்கரை இறக்கத்தை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அனுபவமுள்ள டிரைவர் கிளம்பும் முன் இரும்புக் கம்பியால் டயர்களைத் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வருவார். காற்று இறங்கிய டயரின் ஓசை மந்தமாக இருக்கும். ஜோடி டயரில் உள்பக்கத்து டயர்தான் ஏமாற்றும். வெளி டயர் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நிற்பதால் உள்ளே இறங்கியது கண்ணுக்குத் தெரியாது. ஓட ஓட அது சூடாகி வெடிக்கும். அடுத்து, டிரெய்லரை முன்வண்டியோடு கோக்கும் கிங் பின் சரியாக விழுந்து பூட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துக் குனிந்து பார்ப்பார். பெட்டியின் நாலு மூலையையும் பிடித்திருக்கும் ட்விஸ்ட் லாக்கைக் கையால் அசைத்துப் பார்ப்பார். துருவேறித் திரும்பாத லாக் இருந்தால் பெட்டி வெறும் எடையால் மட்டுமே உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். கடைசியாக விளக்கு. துறைமுகத்து உப்புக்காற்று முதலில் தின்பது மின்சார சாக்கெட்டின் பின்களைத்தான். பச்சைப் பசேலென்று பூத்துப்போன அந்தப் பின்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கம்பியைச் சுற்றி, டேப் ஒட்டி, ஒரு பக்கத்து விளக்காவது எரியவைத்துப் புறப்படுவது தூத்துக்குடியிலும் கொச்சியிலும் அன்றாடம் நடப்பது. எரியாத பின்விளக்கோடு இரவில் ஓரமாக நிற்கும் டிரெய்லர் எத்தனை இருசக்கர வாகனக்காரர்களைக் கொன்றிருக்கிறது என்பதைக் கொச்சியில் வல்லார்பாடம் கண்டெய்னர் ரோட்டோரம் வாழ்பவர்களிடம் கேட்கலாம். வல்லார்பாடம் முனையம் 2011 பிப்ரவரியில் திறந்தது. டிரெய்லர்களுக்கு ஒழுங்கான நிறுத்துமிடம் கேட்டுத் தொழிலாளர்கள் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் குரல் கொடுக்க வேண்டியிருந்தது.

இவ்வளவும் பார்த்து ஒரு குறை கண்டால் என்ன செய்வது? அங்கேதான் டிரைவர் நொந்துபோகிறார். யார்டில் சொன்னால் கிடைக்கும் பதில் எல்லா ஊரிலும் ஒன்று: “எடுத்தா எடு, இல்லேன்னா அடுத்த ஆள் நிக்கான்.” டயர் மாற்ற வேண்டுமென்றால் ஆபீசில் ஒருவரைக் கேட்க வேண்டும், அவர் உரிமையாளரைக் கேட்க வேண்டும். ட்ரிப்புக்கு இவ்வளவு, பேட்டா இவ்வளவு என்று சம்பளம் வாங்குபவருக்குக் காத்திருக்கும் நேரம் முழுக்க நஷ்டம். ஒரு பகல் போனால் ஒரு ட்ரிப் போயிற்று. குறையோடு எடுத்துக்கொண்டு போகிறவர் அலட்சியக்காரர் என்று சொல்லிவிடுவது எளிது. வீட்டில் பள்ளிக் கட்டணத்துக்குக் காத்திருக்கும்போது எத்தனை பேரால் ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுத்து ஸ்லாக் அட்ஜஸ்டருக்காகச் சண்டை போட முடியும்? அதை டிரைவரின் மனசாட்சிக்கு விட்டுவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வது நியாயமே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவு டிரெய்லரையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆபத்தான பழுது இருப்பது தெரிந்தும், அல்லது சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிலையிலும், அதை ஓட்டுவதும் ஓட்ட அனுமதிப்பதும் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 1,500 ரூபாய். அந்தப் பழுதால் விபத்து நேர்ந்து காயமோ சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய், அல்லது இரண்டும். ஓட்ட அனுமதித்தவரும் சட்டத்துக்குள் வருகிறார் என்பதைக் கவனியுங்கள். ஆனால் நடுரோட்டில் கையைக் காட்டி நிறுத்தும்போது அங்கே இருப்பவர் டிரைவர் ஒருவர்தான். உயிர்ச்சேதம் ஆகிவிட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவு, ஐந்து ஆண்டு வரை சிறை. அதே பிரிவில், விபத்து செய்துவிட்டு ஓடினால் பத்தாண்டு என்ற பகுதியை எதிர்த்து 2024 ஜனவரி முதல் நாளில் நாட்டின் பல பகுதிகளில் லாரிகள் நின்றன; அந்தப் பகுதி இன்னும் நடைமுறைக்கு வராமல் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. டிரைவர்களின் அந்தப் பதற்றத்துக்குள் இந்தப் பயமும் இருக்கிறது: தான் பராமரிக்காத வண்டிக்குத் தான் சிறை போவது.

தகுதிச் சான்று இருக்கிறதே என்று கேட்கலாம். வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதற்கு மேல் ஆண்டுக்கு ஒரு முறை சோதனை. இரண்டு சோதனைக்கு நடுவில் அந்த டிரெய்லர் எத்தனை கை மாறுகிறது, எத்தனை குழியில் விழுகிறது என்று யாரும் எழுதிவைப்பதில்லை.

எழுதிவைக்காதது எவ்வளவு பெரிய கேடு என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு துயரம் இருக்கிறது. 2020 பிப்ரவரி 20 அதிகாலை, அவிநாசி அருகே, கொச்சிப் பக்கமிருந்து டைல்ஸ் ஏற்றி வந்த கண்டெய்னர் லாரி சாலை நடுவிலிருந்த தடுப்பைத் தாண்டி எதிர்ப்பக்கம் பாய்ந்து, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போய்க்கொண்டிருந்த கேரள அரசுப் பேருந்தின் மேல் மோதியது. 19 பேர் இறந்தார்கள். டயர் வெடித்துவிட்டது என்று முதலில் சொன்னார் டிரைவர். அவர் கண்ணயர்ந்துவிட்டார் என்பதே விசாரணையில் வந்த முடிவு. டிரைவர்களுக்காகப் பேசும் கட்டுரையில் இதை மறைக்கக் கூடாது. ‘டயர் வெடித்தது’ என்பது உண்மையாகவும் இருக்கும், சாக்காகவும் இருக்கும். கிளம்பும்போது டயரின் நிலை என்ன என்று யார்டில் ஒரு தாள் இருந்தால் உண்மை சொல்பவரை நம்பலாம், சாக்குச் சொல்பவரைப் பிடிக்கலாம். தாள் இல்லாதவரை இருவரும் காவல் நிலையத்தில் ஒரே மாதிரி நிற்கிறார்கள். நேர்மையான டிரைவருக்கு இதைவிடப் பெரிய அநீதி இல்லை என்று நான் நினைக்கிறேன்.

அமெரிக்கத் துறைமுகங்களில் இதே சண்டை நெடுங்காலம் நடந்தது. அங்கே டிரெய்லர்களைக் கப்பல் நிறுவனங்கள் வைத்திருந்தன. இழுத்தவர்கள் ட்ரிப் கணக்கில் கூலி வாங்கிய டிரைவர்கள். யார்டில் கிடைத்ததை இழுத்துக்கொண்டு வெளியே வந்தால், சாலையில் சோதனைக்காரர் எழுதும் அபராதம் டிரைவர் பெயரில். 2005-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் போக்குவரத்துச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவைச் சேர்த்தது. அதன்படி எழுதிய விதிகள் 2009 ஜூன் 17 அன்று நடைமுறைக்கு வந்தன. டிரெய்லரைக் கொடுப்பவர் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு டிரெய்லரிலும் அது யார் பொறுப்பு என்று தெரிய வேண்டும். முறையாகச் சோதித்துப் பழுது பார்க்க வேண்டும். கிளம்பும் முன் டிரைவர் சுற்றிப் பார்ப்பதற்கு யார்டிலேயே இடம் ஒதுக்க வேண்டும். அவர் காட்டும் குறையை அங்கேயே சரிசெய்ய வேண்டும், அல்லது வேறு டிரெய்லர் தர வேண்டும். டிரைவருக்கும் கடமை உண்டு. பிரேக், விளக்கு, டயர், காற்றுக் குழாய், கிங் பின், அடிச்சட்டகம், லாக் ஆகியவற்றில் கண்ட குறையைத் திருப்பி விடும்போது எழுதிக் கொடுக்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது.

அதனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. விதி வந்த அதே ஆண்டில் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் டிரெய்லர் தரும் வேலையிலிருந்து விலகத் தொடங்கியது; மற்ற நிறுவனங்களும் பின்தொடர, டிரெய்லர்கள் வாடகை நிறுவனங்களின் கைக்குப் போயின. லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் துறைமுகங்களில் 2014-இல் டிரெய்லர் கிடைக்காமல் பெட்டிகள் தேங்கின. 2015 மார்ச்சில் தனித்தனி டிரெய்லர் தொகுப்புகளை ஒன்றாக்கி, யார் வேண்டுமானாலும் எதையும் எடுக்கலாம் என்றார்கள். நல்ல டிரெய்லர் தேடி யார்டில் அலைவதாக அங்கத்திய டிரைவர்கள் அதற்குப் பிறகும் குறைசொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் கேள்விக்கு விடை எழுதப்பட்டுவிட்டது: பராமரிப்பு, கொடுப்பவருடையது. வழக்கு என்று வந்தால் டிரைவர் காட்டுவதற்குக் கையில் ஒன்று இருக்கிறது.

விழிஞ்ஞத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. மற்ற துறைமுகங்களில் பழக்கமாகிப்போனதை மாற்ற வேண்டும். இங்கே பழக்கம் இன்னும் உருவாகவில்லை. வாசலைத் தாண்டும் ஒவ்வொரு டிரெய்லருக்கும் ஒரு சோதனைத் தாள், அதன் நகல் டிரைவர் கையில். வாசலுக்கு உள்ளேயே டயரும் குழாயும் விளக்கும் மாற்றும் ஒரு பணிமனை. குறை காட்டி எழுதிக் கொடுத்தவர் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி. இந்த மூன்றையும் போக்குவரத்து ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால், சோதனைக்கென்று புதிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். துறைமுகத்தை நடத்துபவரும் மாநில அரசும் மனது வைத்தால் போதும். இரண்டு மாநிலப் போக்குவரத்துத் துறைகளும் எல்லையில் வண்டியை மறிக்கும்போது டிரைவரிடம் அந்தத் தாளைக் கேட்கட்டும். தாளில் குறை எழுதியிருந்தும் வண்டியை அனுப்பியிருந்தால் 190-ஆவது பிரிவின்படி அனுப்பியவர் மேல் வழக்குப் போடட்டும்.

தாள் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பதும் இந்த எல்லையில் சின்ன விஷயமல்ல. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம், அன்று சென்னை மாநிலம் என்றிருந்த தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்துக்கும் போனது. நெய்யாற்றின்கரையும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டிருந்தது. கோடு விழுந்தாலும் உறவும் சந்தையும் வேலையும் இரு பக்கமும் போய்வருகின்றன. பாறசாலைக்காரர் தமிழ் பேசுவார், மார்த்தாண்டத்துக்காரர் மலையாளம் பேசுவார். எழுத்து என்று வரும்போது அவரவர் படித்த பள்ளிக்கூடத்து எழுத்துதான். இரவு இரண்டு மணிக்கு யார்டில் டார்ச் வெளிச்சத்தில் ஒருவர் நிரப்ப வேண்டிய தாள் இது. ஆங்கிலத்தில் மட்டும் அச்சடித்தால் யாரோ நிரப்பிக் கொடுக்க, இவர் கையெழுத்து மட்டும் போடுவார். தமிழிலும் மலையாளத்திலும், டயர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் போட்டு, டிரெய்லரின் படத்தோடு அச்சடிக்க வேண்டும்.