உஷார்! சந்தையில் வாங்கிய கோழியை நேராகக் கூட்டில் விடாதீர்கள்

பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று சந்தையில் பேண்டம் என்னும் குட்டிக் கோழி ஒரு ஜோடி வாங்கிவிட்டீர்களா? கூடவே நாலு குஞ்சுமா? கொஞ்சம் நில்லுங்கள். கொல்லையில் மேயும் கோழிகளோடு அவற்றைச் சேர்த்துவிடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஒரே ஒரு கோழி போதும். உங்கள் கூடு மொத்தமும் காலியாகிவிடும்!

எங்கள் பக்கத்து ஊரில் நடந்தது இது. அந்த வீட்டில் சிறுவிடைக் கோழிகள் குஞ்சும் தாயுமாக மேய்ந்துகொண்டிருந்தன. வீட்டுச் சின்னப் பெண்ணுக்குக் காலில் இறகு முளைத்த குட்டிக் கோழி மேல் ஆசை. அப்பா சந்தையிலிருந்து ஒரு ஜோடி வாங்கி வந்தார். நல்ல துறுதுறுப்பு. கையில் ஏந்தினால் அப்படியே உட்கார்ந்துகொள்ளும் சாது. அன்று சாயங்காலமே மற்ற கோழிகளோடு சேர்த்துப் பஞ்சாரத்தில் கவிழ்த்தார்கள்.

நாலைந்து நாளில் புதுச்சேவல் தூங்கத் தொடங்கியது. பனிக்குச் சளி பிடித்திருக்கும் என்று மஞ்சளும் சின்ன வெங்காயமும் கொடுத்தார்கள். மறுநாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். அடுத்து வீட்டுக் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. குஞ்சுகளுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. சில நாட்களில் கொல்லையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அடைக்கு உட்கார்ந்திருந்த கோழிகூட முட்டை மேலேயே செத்துக் கிடந்தது. அந்தக் குழந்தை ஒரு குஞ்சை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்ததாம்.

அது வெள்ளைக் கழிச்சல். ராணிக்கெட் நோய். வந்தபின் குணமாக்க மருந்து கிடையாது!

எச்சத்தில் பரவும். மூச்சில் பரவும். உங்கள் செருப்பில், தீவனச் சாக்கில், சந்தைக்குக் கொண்டுபோன கூடையில் ஒட்டிக்கொண்டு வீடு வரும். கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரியச் சராசரியாக ஐந்தாறு நாள், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். அதனால்தான் சந்தையில் வாங்கும்போது கோழி நன்றாகவே இருக்கும். ஆரோக்கியமாகத் தெரிகிறதே என்று நம்பி விடாதீர்கள்.

புதுக்கோழியை மூன்று, நான்கு வாரம் தனியே வையுங்கள். வீட்டின் ஒரு கோடியில் வேறு கூடு, வேறு தண்ணீர்ச் சட்டி. முதலில் பழைய கோழிகளுக்குத் தீனி போடுங்கள், கடைசியாகத்தான் புதுசுக்கு. பிறகு கையையும் காலையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இந்தச் சிரமம் பெரிதில்லை.

தடுப்பு மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். குஞ்சுக்கு 7 நாள் வயதில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நான்காவது வாரத்தில் மறுபடி. எட்டு வாரம் ஆனதும் இறக்கையில் ஊசி. பெரிய கோழிக்குப் போடும் அந்த ஊசியைச் சின்னக் குஞ்சுக்குப் போட்டுவிடக் கூடாது. அதுவே குஞ்சைச் சாய்த்துவிடும். ஒரு குப்பி மருந்து பெரும்பாலும் நூறு கோழிக்கு மேல் வரும், கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். எட்டுக் கோழிக்காக யார் வாங்குவது என்றுதான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாங்குங்கள். கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். அரசு முகாம் எப்போது என்று சொல்வார்கள்.

இனி குஞ்சுகள். சாயம் பூசிக் கூடையில் விற்கிறார்களே, அவை பெரும்பாலும் முட்டைக் கோழி இனத்துச் சேவல் குஞ்சுகள். பொரிந்து இரண்டு, மூன்று நாள் வரை வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவிலேயே அவை ஓடும். தீனி, தண்ணீர் இல்லாமலும் துள்ளும். அந்த மிச்சம் தீர்ந்ததும் ஒவ்வொன்றாய்ச் சுருண்டு விழும்.

குஞ்சைக் கொல்வது பசியைவிடக் குளிர்தான்!

முதல் வாரம் குஞ்சு நிற்கும் இடத்தில் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். வாரம் 3 டிகிரி வீதம் குறைக்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: எல்இடி பல்பு போதிய சூடு தராது. வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுக் கதகதப்பாக இருக்கும் என்று தூங்கப் போகாதீர்கள். பழைய குண்டு பல்பு வேண்டும். அதையும் கம்பியில் இறுகக் கட்டுங்கள், உமியில் விழுந்தால் தீப்பிடிக்கும். குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர்கிறது; அடியில் இருப்பவை நசுங்கியே சாகும். ஓரத்துக்கு ஒதுங்கி இறக்கையை விரித்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பேண்டம் குஞ்சு உடம்பால் சிறியது, சீக்கிரம் குளிர்ந்துபோகும். ஆழமான தட்டில் தண்ணீர் வைத்தால் மூழ்கிவிடும். தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள். வழவழப்பான தாளை விரித்தால் கால் அகன்று முடமாகும். உமியோ மரத்தூளோ போடுங்கள். முட்டைக் கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடவே கூடாது, அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பேண்டம் ரொம்பச் சாது என்கிறார்கள். உண்மைதான். அதனால்தான் பெரிய கோழிகள் அதைத் துரத்தித் துரத்திக் கொத்தும். ரத்தம் கண்டால் விடவே விடாது. ஒதுங்க மறைவும் தனித் தீனிச் சட்டியும் இல்லாமல் ஒரே கூட்டில் அடைக்காதீர்கள்.

எப்போது பதற வேண்டும்? குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓரமாய்த் தூங்கினால். எச்சத்தில் ரத்தம் கண்டால். மூன்றிலிருந்து ஆறு வார வயதில், ஈரம் ஊறிய உமியில் வரும் ரத்தக் கழிச்சல் அது. அதற்கு மருந்து உண்டு, ஆனால் அன்றைக்கே கொடுக்க வேண்டும். வாயைத் திறந்து மூச்சு விட்டால், கால் இழுத்தால், கொண்டை நீலமானால் காத்திருக்காதீர்கள்.

உங்கள் குழந்தையையும் கவனியுங்கள். நோயே தெரியாத கோழிக்குஞ்சிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். குஞ்சுக்கு முத்தம் கொடுத்த குழந்தைக்குக் காய்ச்சலும் பேதியும் வரலாம். ஐந்து வயதுக்குள் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது. மற்றவர்கள் தொட்டால் சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவ வேண்டும். சமையலறைக்குள் கோழியை விடாதீர்கள்.

ஒன்றிரண்டு நாளில் பல கோழிகள் செத்தால் அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். வெறுங்கையால் தொடாதீர்கள். உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள், அவர்கள் சொல்கிறபடி ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். வாய்க்காலில் வீசாதீர்கள். நஷ்டத்துக்குப் பயந்து மிச்சக் கோழிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள். அறுத்துக் குழம்பும் வைக்காதீர்கள்!