வெளுத்த ஈறு சொல்லும் செய்தி: நாய், பூனைகளின் குடற்புழுக்களைக் கண்டறிவது எப்படி?

கோலார் தங்க வயலின் மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம் ஆகிய பகுதிகளில் இன்றும் நிற்கும் பழைய லைன் வீடுகளுக்கு வாசலே முற்றம். தெருவே விளையாட்டுத் திடல். குழந்தைகள் வெறுங்காலுடன் ஓடும் மண்ணும் நாய்க்குட்டி புரளும் மண்ணும் ஒன்றேதான். எனவே அந்த நாய்க்குட்டியின் குடலில் என்ன இருக்கிறது என்பது வீட்டிலுள்ள அனைவரின் உடல்நலத்தோடும் தொடர்புடைய கேள்வியாகும்.

1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கே பணி தொடங்கியது முதல் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது வரை, இவ்வூரின் வாழ்க்கை சுரங்கத்தைச் சுற்றியே அமைந்திருந்தது. உலகெங்கும் சுரங்கத் தொழிலாளர்களை வாட்டிய நோய்களுள் ஒன்று கொக்கிப்புழு நோய். 1880ஆம் ஆண்டளவில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கோட்ஹார்ட் இரயில் சுரங்கப் பாதை அமைத்த தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக இரத்தசோகைக்கு ஆளானார்கள். 1902இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உள்ள டால்கோத் சுரங்கத்திலும் அதே வெளிறிய முகங்கள் காணப்பட்டன. கோலாருக்கு வந்து பணியாற்றிய வெள்ளைக்காரச் சுரங்கத்தார் பலரின் தாயகம் அந்தக் கார்ன்வால்தான். அங்கே காரணம் கொக்கிப்புழுவே என்று ஹால்டேன் என்னும் அறிவியலாளர் கண்டறிந்தார். நோயாளியின் முகத்தைப் பார்த்து ஐயுற முடிந்ததே தவிர, உறுதி செய்ய முடியவில்லை. அவரது மலத்தை நுண்ணோக்கியில் பார்த்து, அதிலிருந்த முட்டைகளைக் கண்ட பின்னரே உண்மை வெளிப்பட்டது.

நூறாண்டுக்கு முன் மனிதருக்குப் பயன்பட்ட அந்தப் பாடம் இன்று நம் வீட்டு நாய்க்கும் பூனைக்கும் அப்படியே பொருந்தும்.

குடலில் குடியிருப்பவை

நாய், பூனைகளில் பெரிதும் காணப்படும் குடற்புழுக்கள் நான்கு வகைப்படும். வெள்ளை நூலிழை போல நீண்டிருக்கும் உருளைப்புழு முதலாவது. தாய் நாயின் கருவறையிலேயே இது குட்டிகளைப் பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டிகளுக்குத் தாய்ப்பால் வழியாகச் செல்கிறது. இரண்டாவது கொக்கிப்புழு. ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள இப்புழு குடற்சுவரைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சும். தாய்ப்பால் வழியாகவும், மண்ணிலிருந்து தோலைத் துளைத்தும் நாயின் உடலுக்குள் புகும். மூன்றாவது நாடாப்புழு. தெள்ளுப்பூச்சியை நாயோ பூனையோ மென்று விழுங்கும்போது இது தொற்றுகிறது. நான்காவது, பெருங்குடலில் தங்கும் சாட்டைப்புழு. இது பெரும்பாலும் நாய்களையே தாக்கும். இவற்றைத் தவிர ஜியார்டியா, காக்சிடியா ஆகிய ஒருசெல் உயிரிகளும் குட்டிகளுக்குக் கடும் கழிச்சலை உண்டாக்கும்.

கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள்

உடல் மெலிந்திருக்க வயிறு மட்டும் உப்பியிருத்தல், மங்கிய மயிர், அடிக்கடி வாந்தி, கழிச்சல் ஆகியவை குடற்புழுவைச் சுட்டும் பொதுவான அறிகுறிகள். இவற்றைவிட முக்கியமான ஒன்றை உரிமையாளரே வீட்டில் பார்த்து அறியலாம். குட்டியின் மேலுதட்டை மெல்லத் தூக்கி ஈறுகளைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய ஈறு வெளுத்துப்போய், மலம் தார் போலக் கறுத்திருந்தால் அது கொக்கிப்புழுவால் ஏற்பட்ட இரத்த இழப்பாக இருக்கலாம். அந்த நிலையில் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. பிறந்து ஓரிரு வாரமே ஆன குட்டிகள், மலத்தில் முட்டை தென்படுவதற்கு முன்னரே இரத்தம் இழந்து இறப்பதுண்டு.

ஆசனவாயைச் சுற்றியோ, படுக்கைத் துணியிலோ அரிசிமணி அல்லது வெள்ளரி விதை போன்ற துணுக்குகள் ஒட்டியிருந்தால் அவை நாடாப்புழுவின் கண்ணிகள். அவற்றை ஒரு சிறு புட்டியில் இட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மலப் பரிசோதனையில் தவறிப்போகக்கூடிய புழு இது. உங்கள் கண்ணே இங்கு முதல் சோதனைக் கருவி.

ஆயினும் வளர்ந்த நாய், பூனைகளில் பல, புழுக்களைச் சுமந்துகொண்டே எவ்விதக் குறையுமின்றித் திரியும். அவை நன்றாகத் தின்னும், ஓடியாடும். நாள்தோறும் ஆயிரக்கணக்கான முட்டைகளை மண்ணில் சேர்த்துக்கொண்டும் இருக்கும். தோற்றத்தை மட்டும் நம்பக்கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

மலப் பரிசோதனை நடைபெறும் விதம்

பரிசோதனையின் தத்துவம் எளியது. சிறிதளவு மலத்தைக் கெட்டியான உப்புக் கரைசலிலோ சர்க்கரைக் கரைசலிலோ கலக்கி வடிகட்டுவார்கள். கரைசல் தண்ணீரைவிட அடர்த்தியானது. புழு முட்டையோ கரைசலைவிட இலேசானது. ஆகவே கசடு கீழே தங்க, முட்டைகள் மேலே மிதக்கும். மேற்பரப்பில் ஒரு மெல்லிய கண்ணாடித் தகட்டை வைத்து எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். உருளைப்புழுவின் முட்டை தடித்த, சொரசொரப்பான ஓடு கொண்டது. கொக்கிப்புழுவின் முட்டை மெல்லிய ஓடுடைய நீள்வட்டம். சாட்டைப்புழுவின் முட்டை இருமுனையிலும் மூடியிட்ட எலுமிச்சம்பழம் போன்றது. 1921இல் வில்லிஸ் என்பவர் மனிதரின் கொக்கிப்புழு முட்டைகளைக் கண்டறிய எழுதிவைத்த உப்புக் கரைசல் முறையே கால்நடை ஆய்வகங்களிலும் இன்றுவரை பயன்படுகிறது.

மாதிரி எடுப்பதில் கவனம் தேவை:

• அன்று கழித்த புதிய மலமாக இருக்கட்டும். வெப்பமான நாட்களில் கொக்கிப்புழு முட்டை ஓரிரு நாளிலேயே பொரித்துவிடும்.
• மண் ஒட்டாத மேற்பகுதியிலிருந்து ஒரு தேக்கரண்டி அளவு எடுத்தால் போதும். மண்ணில் இயல்பாக வாழும் நுண்புழுக்கள் கலந்தால் முடிவு குழம்பும்.
• உடனே கொண்டுசெல்ல இயலாவிடில், காற்றுப் புகாத புட்டியில் மூடி, உணவுப் பொருள்களிலிருந்து விலக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், உறையவிடக் கூடாது.
• பூனை தன் மலத்தை மண்ணில் புதைத்துவிடும். ஓர் இரவு அறைக்குள் மணல் தட்டுடன் வைத்திருந்தால் மாதிரி கிடைத்துவிடும்.
• விலங்கின் வயது, கடைசியாகத் தந்த புழு மருந்து, தந்த நாள் ஆகியவற்றைக் குறித்துக் கொடுங்கள்.

"முட்டை இல்லை" என்றால் புழு இல்லையா?

அப்படிக் கொள்வதற்கில்லை. குடலில் உள்ள புழுக்கள் முட்டையிடும் பருவத்தை இன்னும் எட்டாதிருக்கலாம். சாட்டைப்புழு அந்நிலையை அடைய ஏறத்தாழ மூன்று மாதமாகும். ஜியார்டியா தினந்தோறும் வெளிப்படுவதில்லை. ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்த மூன்று மாதிரிகளை மருத்துவர் கேட்கக்கூடும். மறுபுறம், தெருவில் ஆட்டுப் புழுக்கையைத் தின்ற நாயின் மலத்தில் ஆட்டின் புழு முட்டைகள் தென்படுவதும் உண்டு. ஆகவே அறிக்கையையும் விலங்கையும் சேர்த்துப் பார்த்து முடிவு சொல்லவேண்டியவர் மருத்துவரே.

குட்டிகளுக்கு மட்டும் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. நாய்க்குட்டிக்கு இரண்டாம் வாரத்திலும், பூனைக்குட்டிக்கு மூன்றாம் வாரத்திலும் குடற்புழு நீக்க மருந்தைத் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பால்குடி மறக்கும்வரை தருவது வழக்கம். பாலூட்டும் தாய்க்கும் அதே காலத்தில் மருந்து தரவேண்டும். மருந்தின் அளவை விலங்கின் எடையே தீர்மானிக்கும். வீட்டிலுள்ள மனித மருந்தை மதிப்பாகக் கொடுப்பது ஆபத்து.

வீட்டாரின் நலமும் இதில் உண்டு

நாயின் கொக்கிப்புழு இளம்புழுக்கள் மனிதரின் தோலுக்குள் ஊர்ந்து, அரிப்புடன் கூடிய வளைந்த சிவப்புக் கோடுகளை உண்டாக்கும். உருளைப்புழு முட்டைகள் மண் படிந்த விரல் வழியாகக் குழந்தையின் வாய்க்குள் சென்றால், இளம்புழு ஈரலையோ கண்ணையோ அடைந்து பார்வையையே பாதிக்கலாம்.

இதைத் தடுப்பது நம் கையில் இருக்கிறது. புதிதாகக் கழித்த மலத்தில் உள்ள உருளைப்புழு முட்டை உடனே தொற்றாது; மண்ணில் இரண்டு வாரமேனும் கிடந்து முதிர்ந்த பின்னரே தொற்றும். கொக்கிப்புழு முட்டை பொரித்துத் தொற்றும் நிலையை அடையவும் சில நாட்கள் பிடிக்கும். அன்றன்று மலத்தை அள்ளி அப்புறப்படுத்தும் வீட்டில் இந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது. அத்துடன் குழந்தைகளுக்குக் காலணியும், உணவுக்கு முன் சோப்பிட்டுக் கை கழுவும் பழக்கமும் சேர்ந்தால் போதுமான காவல்.

வளர்ந்த நாய், பூனைகளின் மலத்தை ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதிப்பதும், மருத்துவர் குறித்த இடைவெளியில் புழு மருந்து தருவதும் நல்லது. தந்த நாள், மருந்தின் பெயர், எடை, பரிசோதனை முடிவு ஆகியவற்றை ஒரு சிறு ஏட்டில் வரிசையாகப் பதிந்துவையுங்கள். உங்கள் கணக்குப் புத்தகத்தைப் போலவே, விடுபடாத பதிவுகள்தாம் அடுத்த முறை மருத்துவருக்குச் சரியான நிலவரத்தைக் காட்டும்.