மினுக்கும் பிரேக் விளக்கு: அன்றும் இன்றும்

தொடக்க கால அம்பாசிடரில் பிரேக் பழுதைச் சொல்லத் தனி விளக்கு கிடையாது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். கோளாறை முதலில் அறிவது ஓட்டுநரின் பாதம். பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்கினால் லைனிங் தேய்மானம். மெத்தென்று அமுங்கினால் குழாயில் காற்று. மிதித்தபடியே வைத்திருக்கையில் மெல்ல உள்ளே போனால் மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் போயிருக்கும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அந்த வகைக் கார்கள் பெருகப் பெருக, டேஷ்போர்டில் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கும் பழக்கமானது. அதன் வயரிங் எளிது: ஒரு பல்பு, இரண்டு சுவிட்ச். ஒன்று ஹேண்ட் பிரேக் லீவருக்கு அடியில். மற்றது பிரேக் ஆயில் டப்பாவின் மிதவையில். எது மூடிக்கொண்டாலும் பல்புக்கு எர்த் கிடைத்து எரியும்.

விளக்கு நிலையாக எரிந்தால் கண்டுபிடிப்பது சுலபம். விட்டுவிட்டு எரிந்தால்தான் தலைவலி. அன்றைய மெக்கானிக் பானெட்டைத் திறக்கும் முன், “எப்போ சார் எரியுது?” என்று கேட்பார். பாதி விடை அதிலேயே கிடைக்கும். வளைவிலும் மேட்டிலும் மட்டும் எரிந்தால் ஆயில் மட்டம் குறைவு. ஆயில் ஒரு பக்கம் சாயும்போது மிதவை இறங்கிவிடுகிறது. குண்டும் குழியுமான சாலையில் மினுக்கினால் ஹேண்ட் பிரேக் சுவிட்ச் மேல் சந்தேகம். விளக்கு எரியும்போதே மிதவையின் பிளக்கைக் கழற்றுவார். அணைந்தால் கோளாறு அந்தப் பக்கம். சில ஜப்பானிய வகைக் கார்களில் சார்ஜ் விளக்கும் சேர்ந்து மங்கலாக எரிந்தால், பிரேக்கை விட்டுவிட்டு ஆல்டர்னேட்டரைப் பார்ப்பார்.

இன்று நிலைமை வேறு. 2019 ஏப்ரலில் இந்தியாவில் விற்கும் புதிய கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது. சக்கரத்துக்கொரு வேக சென்சார், தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி, கூடவே ஒரு மஞ்சள் விளக்கு. வந்து மறையும் கோளாறைக்கூட அந்தப் பெட்டி நினைவில் வைத்திருக்கும். ஸ்கேனரைச் செருகினால் எந்தச் சக்கரம் என்றே சொல்லிவிடும். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து, விளக்கு எரியும்வரை ஊரைச் சுற்றிய காலத்தை நினைத்தால் இது பெரிய வசதிதான்.

ஆனால் ஏபிஎஸ் இல்லாத பழைய காரில் இரண்டு சுவிட்சும் எந்தப் பிழைக் குறியீட்டையும் விட்டுச்செல்வதில்லை. அங்கே ஸ்கேனர் ஊமை. “எரர் ஒண்ணும் காட்டல” என்று வண்டியைத் திருப்பித் தருவதோ, ஆயிலை ஊற்றி விளக்கை அணைத்து அனுப்புவதோ பழுதுபார்ப்பு ஆகாது. பிரேக் ஆயில் எரிந்து செலவாகும் பொருளல்ல. மட்டம் இறங்கினால் ஒன்று பேட் தேய்ந்து பிஸ்டன் வெளியே வந்திருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. காரணம் பாராமல் ஊற்றி நிரப்பினால், பின்னால் புது பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ள, ஆயில் பொங்கி வழிந்து பெயின்டைத் தின்னும்.

பழைய கார் வைத்திருப்பவர்களே, விளக்கு எந்த வேகத்தில், எந்தத் திருப்பத்தில், பிரேக் மிதித்தபோதா மிதிக்காதபோதா எரிந்தது என்று குறித்துவைத்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா, ஆயில் மட்டம் சரியா என்று முதலில் நீங்களே பாருங்கள். சிவப்பு விளக்கோடு பெடலும் கீழிறங்கினால் மட்டும் எதையும் சோதிக்க வேண்டாம். ஓரமாக நிறுத்தி, இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.