கணினியில் வரைந்து கையால் குடையும் பல்லாங்குழி

பேத்திக்கு ஒரு பல்லாங்குழிப் பலகையை நம் கையாலேயே செய்து கொடுக்க நினைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். திறந்தால் இரண்டு வரிசையில் 14 குழிகள். மடக்கினால் காய்கள் உள்ளேயே தங்கிவிட வேண்டும். உளியைத் தொடுவதற்கு முன் இதைக் கணினியில் வரைந்து பார்த்துவிடலாம். ஃப்ரீகேட், இங்க்ஸ்கேப் ஆகிய மென்பொருள்களுக்குக் கட்டணம் இல்லை. முன்னது முப்பரிமாண வடிவத்துக்கு, பின்னது தட்டையான கோட்டு வரைபடத்துக்கு.

ஆனால் முதல் வேலை மரக்கடையில்தான். ஒரு அங்குலப் பலகை என்று வாங்கி வந்து இழைத்தால், கடைசியில் ஏழு நூல் கனம்தான் நிற்கும். அதாவது 22 மி.மீ. கையில் இருக்கும் பலகையை அளந்து, அந்த எண்ணைத்தான் மென்பொருளுக்குக் கொடுக்க வேண்டும். தேக்கு நல்ல தேர்வு. ஈரம் ஏறி இறங்கினாலும் அவ்வளவாக முறுக்கிக்கொள்ளாது. பச்சை மரம் கூடவே கூடாது. காயக் காயப் பலகை வளைந்து, மூடிய இடுக்கு வழியே காய்கள் சிந்தும்.

இனி கணக்கு. குழியின் வாய் 50 மி.மீ., ஆழம் 15 மி.மீ. என்று கொள்வோம். அடியில் 7 மி.மீ. மரம் மிஞ்சும், போதும். குழிக்கும் குழிக்கும் நடுவே 10 மி.மீ., ஓரங்களில் 15 மி.மீ. விட்டால், ஏழு குழிகள் கொண்ட ஒரு பலகை 440 மி.மீ. நீளம், 80 மி.மீ. அகலம் வரும். ஒரு குழியை மட்டும் வரைந்து, 60 மி.மீ. இடைவெளியில் ஏழாக நகலெடுக்கச் சொன்னால் மென்பொருள் நொடியில் செய்துவிடும். ஃப்ரீகேடில் அளவுகளை ஓர் அட்டவணையில் எழுதி வரைபடத்தோடு இணைத்து வைப்பது நல்லது. குழந்தையின் கைக்கு 50 பெரிது என்று தோன்றினால் அந்த ஓர் எண்ணை மாற்றினால் போதும். முழுப் பலகையும் கூடவே மாறும்.

குழியின் வளைவில் சற்று நிதானம் வேண்டும். செங்குத்தான சுவர் இருந்தால் விரல்களால் காயை வழித்து எடுக்க முடியாது. கிண்ணம் போல் சரிய வேண்டும். மேலே சொன்ன வாய்க்கும் ஆழத்துக்கும் பொருந்தும் கோளத்தின் ஆரம் 28.3 மி.மீ. இந்த வில்லை வரைந்து அச்சிட்டு, அட்டையில் ஒட்டி வெட்டிக்கொள்ளுங்கள். குடையும்போது அவ்வப்போது குழிக்குள் வைத்துப் பார்த்தால், எங்கே இன்னும் செதுக்க வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியும். கையால் வேலை செய்பவருக்குக் கணினி தரும் மிகப் பெரிய உதவி இந்த அட்டைதான் என்பேன். இதே வரைபடத்தைக் கொண்டு சி.என்.சி. இயந்திரம் 14 குழிகளையும் பிசகில்லாமல் குடைந்துவிடும். ஆனால் பரிசுக்கு உளி பட்ட தடம்தான் அழகு.

அச்சிடும்போது ஒரு எச்சரிக்கை. அச்சு அமைப்பில் ‘தாளுக்குப் பொருத்து’ என்பது தேர்வாகியிருந்தால் படம் சத்தமில்லாமல் சுருங்கிவிடும். நூறு சதவீத அளவைத் தேர்ந்தெடுத்து, படத்தின் மூலையில் 50 மி.மீ. சதுரம் ஒன்றையும் சேர்த்து அச்சிட்டு, அதை அளவுகோலால் சரிபாருங்கள். ஏ4 தாளின் நீளம் 297 மி.மீ.தான் என்பதால், ஒரு பலகைக்கு இரண்டு தாள் ஒட்ட வேண்டியிருக்கும். ஒட்டிய தாளின் மேலேயே குழிகளின் மையங்களை ஆணியால் குத்தி அடையாளம் இடலாம்.

மென்பொருள் காட்டாதது மரத்தின் ரேகையை. அது பலகையின் நீளவாக்கில் ஓட வேண்டும். கணு எதுவும் குழி விளிம்பில் விழக் கூடாது. இனி, இரண்டு பலகைகளையும் இணைக்கும் கீல். அதன் மையம் பலகைகள் சந்திக்கும் கோட்டில் நின்றால்தான் மடக்கும்போது முகங்கள் இடைவெளியின்றிப் பொருந்தும்.

காய்களுக்குச் சோழியோ புளியங்கொட்டையோ போட்டுக் கொடுங்கள். பார்க்க அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியைப் போட வேண்டாம். அதை மென்று விழுங்கினால் கடும் நஞ்சு.