டாக்டர் சம்பளமும் ஒரு நாள் பேரும்

2024 ஜனவரியில் இலங்கையின் அரசு வைத்தியர்களுக்கான டாட் (இடையூறு, தயார்நிலை, போக்குவரத்து) கொடுப்பனவு 35,000 ரூபாயிலிருந்து 70,000 ஆனது. தங்களுக்கும் 35,000 வேண்டும் என்று மற்றச் சுகாதார ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது பதுளை ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து மலையில் கொழுந்து எடுத்தவருக்கு ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, 1,000 ரூபாய். வைத்தியரின் அந்த ஒரு கொடுப்பனவுக்கு ஈடாக அவர் எழுபது நாள் மலையேற வேண்டும். வைத்தியரின் அடிப்படைச் சம்பளம் இந்தக் கணக்கில் இல்லை.

அதே வைத்தியரை லண்டன் வைத்தியரோடு ஒப்பிட்டால் அவர் குறைந்த சம்பளக்காரர். 2022 நெருக்கடிக்குப் பிறகு நூற்றுக்கணக்கானோர் நாட்டை விட்டுப் போனதற்கு இது பெரிய காரணம். ஆனால் பவுண்டுக் கணக்கு பாதி உண்மையைத்தான் சொல்லும். அங்கே வீட்டு வாடகையும் பவுண்டில்தான். அதனால்தான் ஓஈசிடி அமைப்பு வைத்தியரின் வருமானத்தை அந்தந்த நாட்டின் சராசரிச் சம்பளத்தோடு வைத்துப் பார்க்கிறது. விசேட வைத்தியர்கள் பல நாடுகளில் அதைப்போல் இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை பெறுகிறார்கள். தாதியர் பெரும்பாலும் சராசரியை ஒட்டியே நிற்கிறார்கள். அமெரிக்காவில் 2023இல் எல்லாத் தொழிலாளருக்குமான இடைநிலை ஆண்டுச் சம்பளம் 48,060 டாலர். வைத்தியர்களில் பாதிப் பேராவது 2,39,200 டாலருக்குக் குறையாமல் பெற்றார்கள். ஐந்து மடங்கு.

தோட்டத்துக்கு இந்த அளவுகோலும் போதாது. சராசரி என்பது மாதச் சம்பளக்காரரின் கணக்கு. இங்கே சம்பளம் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் விழும் பேரைப் பொறுத்தது. சொன்ன கிலோ வராவிட்டால் அரைப் பேர். 2024 செப்டம்பரில் நாள் சம்பளம் 1,350 ஆனது. 2026 வரவுசெலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, வேலைக்கு வந்த நாளுக்கு அரசின் 200 ரூபாயையும் சேர்த்தது. ஆக 1,750. எழுபது நாள் நாற்பதாகக் குறைந்திருக்கிறது. மாதம் இருபத்தைந்து முழுப் பேர் விழுந்தால் 43,750 ரூபாய். சம்பளத்திலிருந்து சேமலாப நிதிக்கு எட்டு வீதம் போகும்.

வைத்தியருக்குக் கூட்டியது தவறென்று நான் நினைக்கவில்லை. பதுளை ஆஸ்பத்திரியில் விசேட வைத்தியர் நிலைத்திருந்தால்தான் தோட்டத்துப் பிள்ளையைக் கண்டிக்கும் கொழும்புக்கும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்காது. தப்பு கீழே இருக்கிறது. வைத்தியரின் கொடுப்பனவு ஒரே அறிவிப்பில் இரட்டிப்பானது. தோட்டத்தின் ஆயிரம் ரூபாய்க்கோ வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. அரசு வைத்தியருக்கு ஓய்வூதியம் உண்டு, சம்பளத்தோடு லீவும் உண்டு. கொழுந்து எடுப்பவருக்கு ஓய்வூதியத்துக்குப் பதிலாகச் சேமலாப நிதியும் பணிக்கொடையும் போன்றவைதான்.

பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் கிளினிக் போகும் நாளைப் பாருங்கள். வைத்தியம் இலவசம், மருந்தும் பெரும்பாலும் இலவசம். ஆனால் அன்று பேர் இல்லை, பஸ் காசு கையிலிருந்து. வேலைக்கு வந்தால் மட்டும் கிடைக்கும் அந்த 200 ரூபாயும் இல்லை.