மூக்கில் ரத்தம், மூலம் சிறுநீரகம்

அடிக்கடி மூக்கில் ரத்தம் வடிகிறது. பார்த்தால் உள்ளே ஒரு கட்டி. வேறொருவருக்குத் தைராய்டு வீங்குகிறது. இன்னொருவருக்குத் தலைத்தோலில் சிவந்த முண்டு. அரிதாகத்தான் என்றாலும், இவை சிறுநீரகத்திலிருந்து வந்த புற்றுநோயாக இருப்பதுண்டு.

சிறுநீரகப் புற்றுநோய் வழக்கமாகப் பரவுவது நுரையீரல், எலும்பு, நிணநீர்க் கணுக்கள், கல்லீரல், மூளை ஆகிய இடங்களுக்கு. ஆனால் மற்றப் புற்றுநோய்கள் அதிகம் நாடாத தைராய்டு, கணையம், மூக்கையொட்டிய காற்றறைகள், நாக்கு ஆகியவற்றிலும் இது முளைக்கிறது. வேறு உறுப்பிலிருந்து தைராய்டுக்கு வந்து கட்டியாகத் தலைகாட்டும் புற்றுநோய்களில் இதுதான் முன்னணியில் நிற்கிறது.

காரணம் ரத்தத்தில் இருக்கிறது. இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. அதோடு, இந்தப் புற்றுநோயில் அதிகம் காணப்படும் 'தெளிசெல்' வகையில் பெரும்பாலும் விஎச்எல் என்ற மரபணு செயலிழந்திருக்கும். அதனால், ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் செல் மூச்சுமுட்டுவதுபோல் நடந்துகொள்கிறது. புதிய ரத்தக்குழாய்களை வரவழைக்கிறது. ஆக்சிஜனைச் செல் உணரும் இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்த கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

கட்டி சிறுநீரகச் சிரைக்குள் புகுந்து, பெருஞ்சிரை வழியே சிலருக்கு இதயம்வரைகூட வளரும். பிரிந்து செல்லும் செல்களில் பல நுரையீரலில் சிக்கிவிடும். நுரையீரலைத் தொடாத பாதையும் ஒன்று உண்டு. முதுகெலும்பைச் சுற்றிய சிரைகளில் வால்வு கிடையாது. இருமினாலோ முக்கினாலோ ரத்தம் எதிர்த்திசையிலும் ஓடும். 1940இல் ஆஸ்கர் பாட்சன் விளக்கிய இந்த வழியாகத்தான் செல்கள் தலைப்பகுதியை எட்டுகின்றன என்று கருதுகிறார்கள்.

வழி மட்டும் போதாது. விதைக்கு ஏற்ற மண்ணும் வேண்டும் என்று 1889லேயே சொன்னார் ஸ்டீஃபன் பேஜெட். கணையம் அதற்கு நல்ல உதாரணம். சிலருக்கு இந்தப் புற்றுநோய் வேறெங்கும் முளைக்காமல் அங்கு மட்டும் முளைக்கிறது. அவர்களில் பலர், பரவிய பிறகும் நெடுங்காலம் வாழ்கிறார்கள். பரவிவிட்டது என்றதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

என்னை அதிகம் உறுத்துவது இதன் தாமதம். சிறுநீரகத்தை அகற்றிப் பத்து, ஏன், இருபது ஆண்டுகள் கழித்தும் இது வேறிடத்தில் தோன்றலாம். அதற்குள் அந்த அறுவை சிகிச்சை பழங்கதையாகிவிடும். மூக்குக்குக் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போகிறவர் அதைச் சொல்ல நினைப்பதில்லை. சொன்னால், சதைத்துணுக்கு எடுக்கும்போது இந்தக் கட்டியிலிருந்து ரத்தம் கொட்டக்கூடும் என்று மருத்துவர் முன்னேற்பாடு செய்துகொள்வார். நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கும் எதைத் தேடுவது என்று தெரிந்திருக்கும்.